ஆறு மணிக் கட்டங்கள்: டிவி பதிவு எங்கே கெடுகிறது, எந்த டியூனரை வாங்குவது

அம்மா பழைய கலண்டர் தாள்களை எறிவதில்லை. நான்காக மடித்துக் கிழித்து, பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதுவார். போன வருடம் அந்தத் தாள்களில் அரிசி பருப்போடு வேறொரு பட்டியலும் வரத் தொடங்கியது. "செவ்வாய்: தொடங்கிப் பத்து நிமிசத்தில கட்டம். புதன்: ஏழு நிமிசம், சத்தமும் போச்சு. வியாழன்: நல்லம். வெள்ளி: திரும்பவும் கட்டம்." கட்டம் என்றால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்பது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடி. மொட்டைமாடியில் எட்டு அடி வலை டிஷ் ஒன்று, 93.5 பாகை கிழக்கில் இருக்கும் இந்தியச் செயற்கைக்கோள்களைப் பார்த்தபடி நிற்கிறது. தூரதர்ஷன் அலைவரிசைகளைப் பூட்டில்லாமல் சி பாண்ட் என்ற அலைப்பகுதியில் எடுக்கத்தான் அது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனதே, அந்தச் சனல்தான் அம்மாவுக்கு முக்கியம். மாலை ஆறு மணிக்கு அவர் கோவிலில் இருப்பார். ஆகவே ஆறு மணிக் கச்சேரியை என் பழைய கணினி பதிவு செய்யும், அடுத்த நாள் காலைத் தேநீரோடு அவர் பார்ப்பார். பார்க்கும்போது எந்த நிமிடத்தில் கெட்டது என்று எழுதியும் வைப்பார். புகார் செய்வதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

நான் என்ன செய்தேன்? அந்தத் தாள்களை ஒழுங்காகப் பார்க்காமல், டிஷ்ஷில் வரும் சிக்னலைக் கணினிக்கு எடுத்துக் கொடுக்கும் டியூனர் கிழடாகிவிட்டது என்று முடிவு கட்டி, புதிது ஒன்று வரவழைத்தேன். முதல் நாள் மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அதிலும் கட்டம். "புதுசிலயும் வருது தம்பி" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

நீங்களும் அந்தக் காசைச் செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டியூனர் வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், கோளாறு டியூனருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பிரித்துவிட வேண்டும். மேலே என்றால் டிஷ், எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலைப் பிடிக்கும் தலை), கேபிள், வானம். கீழே என்றால் யூஎஸ்பி, கணினி, ஹார்ட் டிஸ்க்.

இரண்டு எண்ணிக்கைகள்

வானத்திலிருந்து வரும் படம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. 188 பைட் அளவான சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒரு வரிசை எண் உண்டு. 0 முதல் 15 வரை போய், மறுபடி 0க்கு வரும். ரயில் பெட்டிகளுக்கு இலக்கம் போட்ட மாதிரி. 7க்கு அடுத்து 9 வந்தால் நடுவில் ஒன்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பெயர் கன்டினியூட்டி பிழை.

அதே தலையில் இன்னொரு சின்னக் கொடியும் இருக்கிறது. டியூனர் தனக்குத் தெரிந்த திருத்தக் கணக்குகளையெல்லாம் போட்டுப் பார்த்தும் ஒரு பாக்கெட்டைச் சரிசெய்ய முடியாமல் போனால், "இது பழுது" என்று அந்தக் கொடியை ஏற்றி அனுப்பும். இது டிரான்ஸ்போர்ட் பிழை.

இனி விஷயம் எளிது. கட்டம் வந்த நேரத்தில் டிரான்ஸ்போர்ட் பிழையும் ஏறியிருந்தால், பாக்கெட் டியூனருக்கு வரும்போதே பழுதாகத்தான் வந்திருக்கிறது. மொட்டைமாடிக்கு ஏறுங்கள். டிரான்ஸ்போர்ட் பிழை பூச்சியம், கன்டினியூட்டி பிழை மட்டும் ஏறியிருந்தால், டியூனர் நல்லபடி கொடுத்ததை உங்கள் கணினி வழியில் தொலைத்திருக்கிறது. மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் காய வேண்டாம்.

நான் லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுகிறேன். அதில் நிலைமையைக் காட்டும் பக்கத்தில் இந்த இரண்டு எண்ணிக்கைகளும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் தெரியும். அதைப் பாவிக்காதவர்கள், பதிவான கோப்பை டிஎஸ்டக் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் அது இரண்டையும் எண்ணித் தரும். பதிவு தொடங்கும் முதல் நொடியில் ஒன்றிரண்டு பிழை வருவது சகஜம். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில டியூனர்களின் ட்ரைவர், பழுதான பாக்கெட்டைக் கொடி ஏற்றி அனுப்பாமல் தானே எறிந்துவிடும். அப்போது மேலே உள்ள கோளாறும் கீழே உள்ளது போலத் தெரியும். அதனால் அதே நேரத்தில் சிக்னல் தரம் விழுந்ததா என்றும் பாருங்கள்.

சிக்னல் தரம் என்றால் அந்த 80%, 90% பட்டை அல்ல. அந்தச் சதவீதத்தை ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஒரு பெட்டியின் 60% இன்னொன்றின் 95%ஐவிடத் திறமாக இருக்கலாம். டெசிபெலில் காட்டும் எஸ்என்ஆர் அளவை, அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பாருங்கள். பல சனல்களை ஒரே கட்டாக அனுப்பும் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டருக்கு டிரான்ஸ்பொண்டர் என்று பெயர். டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில், 8பிஎஸ்கே 3/4 என்ற வகையில் அனுப்பும் டிரான்ஸ்பொண்டருக்குக் கிட்டத்தட்ட 8 டெசிபெல் வேண்டும். கியூபிஎஸ்கே 3/4 என்றால் 4 போதும். 8பிஎஸ்கே 5/6 என்றால் ஒன்பதரை. அந்தக் கோட்டுக்கு மேல் மூன்று டெசிபெலாவது மிச்சம் இருந்தால்தான் நிம்மதி. கோட்டுக்கு ஒரு டெசிபெல் மேலே நிற்கிற டிஷ் பகலில் அழகாக வேலை செய்யும், நீங்கள் இல்லாத நேரத்தில் காலை வாரும். ஒரு சனல் மட்டும் கெட்டு மற்றவை நன்றாக வருவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். அந்த டிரான்ஸ்பொண்டரின் கோடு உயரம்.

எப்போது கெடுகிறது

அம்மாவின் தாள்களுக்கு வருகிறேன். புது டியூனரும் கைவிட்ட பிறகுதான் அவற்றை எடுத்து வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆறு மணிக்குப் பின் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள், வாரத்தில் நாலைந்து நாள். ஏழு மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை. டிரான்ஸ்போர்ட் பிழை ஏறியிருந்தது. எஸ்என்ஆர் 11இலிருந்து 7க்கு விழுந்து, ஒரு நிமிடத்தில் திரும்ப ஏறியிருந்தது. மழை இப்படி மணி பார்த்து வராது. வெப்பமும் இல்லை, அந்த நேரம் வெயில் தணிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு ஐந்துக்குக் காகங்கள் வந்தன. கொழும்புக் காகங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடையப் போகும் முன் எங்கள் மாடியில் ஒரு கூட்டம் போடுகின்றன. அதில் ஒன்று, தலைவர் போல, டிஷ்ஷின் நடுவில் எல்என்பியைத் தாங்கும் கம்பியில் வந்து உட்கார்ந்தது. எல்என்பி தலையை ஆட்டியது. எனக்கே கண்ணால் தெரிந்தது.

காகத்தின் மேல் பழி இல்லை. எல்என்பியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின் ஆணி உப்புக் காற்றில் துருப்பிடித்து, பாதி கரைந்து போயிருந்தது. துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணி மூன்று போட்டு இறுக்கினேன். கம்பிகளுக்குக் குறுக்கே தூண்டில் நைலோனை இழுத்துக் கட்டினேன். மொத்தச் செலவு ஒரு கொத்துரொட்டிக் காசும் இல்லை. டியூனர் வாங்கிய காசை இங்கே எழுத மாட்டேன்.

நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடிய வேறு கோளாறுகளும் இருக்கின்றன. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும், சில நாட்கள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் சில நிமிடம் மட்டும் படம் முழுதாகப் போகிறதா? சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனே ஒரு பெரிய இரைச்சல் டிரான்ஸ்மிட்டர். எங்கள் 93.5 பாகைக்குக் கொழும்பில் அது காலை பதினொரு மணியை ஒட்டி நடக்கும். மேற்கே பார்க்கும் டிஷ்ஷுக்குப் பின்னேரம். இதற்கு மருந்து இல்லை. ஒரு வாரம் பொறுங்கள், யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

உச்சி வெயிலில் மட்டும், அதுவும் சின்ன சிம்பல் ரேட் உள்ள, அதாவது குறுகிய அகலத்தில் வரும் சனல்கள் மட்டும் போகின்றனவா? எல்என்பிக்குள் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆசிலேட்டர் சூட்டில் விலகுகிறது. மலிவான எல்என்பியில் அது ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். பெரிய டிரான்ஸ்பொண்டருக்கு அது பெரிதில்லை, சின்னதற்கு வீடே மாறிய மாதிரி. பிஎல்எல் என்று எழுதிய, ஆசிலேட்டரை நகரவிடாமல் பிடிக்கும் எல்என்பி வாங்குங்கள்.

மழை. இங்கேதான் எங்கள் மாடியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பெரிய வலை டிஷ் சி பாண்டில், 4 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது. பக்கத்தில் கட்டணச் சேவையின் சின்ன டிஷ் கேயூ பாண்டில், 11, 12 கிகாஹெர்ட்ஸில். கேயூ அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், பெரிய மழைத்துளிகள் அதை நன்றாக விழுங்கும். மே மாதத்துத் தென்மேல் பருவ மழையிலும், ஐப்பசி கார்த்திகைப் பின்னேர இடிமழையிலும் சின்ன டிஷ் பத்து இருபது நிமிடம் படுத்துவிடும். அது இயற்கை. இன்னும் கொஞ்சம் பெரிய டிஷ் போட்டால் குறையும், முழுதாகப் போகாது. ஆனால் சி பாண்ட் மழைக்கு அசையக் கூடாது. மழையில் அதுவும் கெட்டால், அல்லது மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் கெட்டபடியே இருந்தால், தண்ணீர் வானத்தில் இல்லை, உங்கள் கேபிளுக்குள் இருக்கிறது.

சி பாண்டுக்கு மழையைவிட இப்போது பெரிய எதிரி 3.5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள். அருகில் அப்படி ஒன்று வந்தால் நாள் முழுக்க எஸ்என்ஆர் தாழ்ந்தபடி நிற்கும். எல்என்பியின் வாயில் பொருத்தும் பாண்ட்பாஸ் வடிகட்டி என்று ஒரு உலோகத் துண்டு விற்கிறார்கள். 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ளே விடும்.

எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்

எஃப் கனெக்டர் என்பது கேபிளின் முனையில் இருக்கும் திருகு இணைப்பு. கடலிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளி இருப்பவர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும். முதலில் டியூனரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் ஓடுகிறது. ஆளைக் கொல்லாது, ஆனால் கம்பி கம்பியில் முட்டினால் டியூனரைக் கொல்லும்.

எல்என்பி முனையில் கனெக்டரைத் திருகி எடுத்ததும் நடுக்கம்பியைப் பாருங்கள். பளிச்சென்ற செம்பு நிறம் இருக்க வேண்டும். பச்சை மாவு பூத்திருந்தால் உப்பு வேலையைக் காட்டிவிட்டது. மேல் வலை கறுத்து, விரலில் கரி ஒட்டினால் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது. நான் எங்கள் கேபிளை வெட்டியபோது முதல் பத்து சென்டிமீட்டரும் கறுப்பு, அடுத்த பத்து சாம்பல், அதற்குப் பிறகுதான் வெள்ளி நிறம் வந்தது. நல்ல நிறம் தெரியும்வரை வெட்ட வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. புதுக் கனெக்டர் போடும்போது நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியில் முட்டக் கூடாது. அந்த ஒரு மயிரிழைக்காகத்தான் பலர் எல்என்பி மாற்றுகிறார்கள்.

திருகிப் போடும் கனெக்டர் மலிவு, கடற்கரைக்கு உதவாது. கருவியால் அமுக்கிப் போடும் வகைதான் நிற்கும். அதன் மேல், தனக்குள் தானே ஒட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு வெயிலில் உரிந்துவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்க விடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராது.

கேபிள் மாற்றுவதானால் ஆர்ஜி-6 என்ற வகை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சுருள் சுருளாகத் தொங்கும். நான் போகும்போது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோவேன். "சுத்தச் செம்பு சேர்" என்பார் கடைக்காரர். "ஒரு முனை காட்டுங்க நானா" என்று காந்தத்தை வைத்தால் நடுக்கம்பி ஓடி வந்து ஒட்டும். உள்ளே உருக்கு, மேலே செம்புப் பூச்சு. முதல் தடவை அவருக்குக் கோபம் வந்தது. இப்போது நான் வந்தால் உள்ளே இருந்து வேறு சுருள் எடுத்து வருகிறார். நியாயமாகச் சொன்னால் முப்பது மீட்டர் வரை உருக்கு நடுவும் பிழையில்லை, உயர் அலைவரிசை செம்புப் பூச்சின் மேல்தான் ஓடுகிறது. பிரச்சினை எல்என்பிக்குப் போகும் மின்சாரத்துக்கு. கேபிள் எழுபது எண்பது மீட்டர் என்றால், நடுவில் பச்சை பிடித்த இணைப்பு ஒன்றும் இருந்தால், 18 வோல்ட் என்று புறப்பட்டது மேலே போகும்போது எல்என்பி அதை 13 என்று எண்ணிவிடும். 13 கிடைத்தால் எல்என்பி செங்குத்தாக அதிரும் அலைகளை எடுக்கும், 18 கிடைத்தால் கிடைமட்டமாக அதிருபவற்றை. ஆகவே அடையாளம் இதுதான்: செங்குத்துச் சனல்களெல்லாம் வருகின்றன, கிடைமட்டச் சனல்கள் மட்டும் வரவில்லை. மல்டிமீட்டரால் அளந்தால் எல்என்பி பூட்டியபடி அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் எல்லாக் கேபிளும் நல்ல பிள்ளைதான்.

சந்தேகம் தீரவில்லையா? மடிக்கணினியையும் டியூனரையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், இரண்டு மீட்டர் புதுக் கேபிளால் நேரே எல்என்பியில் பூட்டி, அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். பிழை இல்லை என்றால் கேபிள்தான். இருந்தால் டிஷ்ஷும் எல்என்பியும். இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரியாது. ஒரு குடையும் ஒரு நீட்டு வயரும் போதும்.

கோளாறு கணினியில் என்றால்

காகத்தை விரட்டி இரண்டு மாதம் ஆனதும், நடு இரவுப் பதிவுகளில் வேறொரு நோய் வந்தது. கட்டம் இல்லை. படம் திடீரென்று மூன்று நொடி தாவும். டிரான்ஸ்போர்ட் பிழை பூச்சியம், கன்டினியூட்டி பிழை நூற்றுக்கணக்கில். மேலே ஏற வேண்டியதில்லை என்று உடனே விளங்கிவிட்டது.

ஹார்ட் டிஸ்க் வேகம் போதவில்லை என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். சாதாரணத் தரச் சனல் ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி. எச்டி 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி, அதாவது நொடிக்கு ஒரு மெகாபைட்தான். எந்தக் கிழட்டு டிஸ்க்கும் அதை எழுதும். பதிவுக்கு ப்ராசசர் வேகமும் வேண்டாம், வந்ததை அப்படியே எழுதுவதுதானே வேலை. சிக்கல் வேகத்தில் இல்லை, தடங்கலில்தான். இரவு பன்னிரண்டுக்கு நான் அமைத்திருந்த பேக்கப் அதே டிஸ்க்கில் படங்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க். தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் அந்த வகை, நிறைய எழுதினால் நடுவில் மூச்சு வாங்க நின்றுவிடும். பதிவுக்குத் தனி டிஸ்க் கொடுத்தேன், நோய் போனது.

இதே குடும்பத்தில் வேறு சிலவும் உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் அமைப்பு விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். டியூனரையும் வெளி டிஸ்க்கையும் ஒரே மலிவு ஹப்பில் பூட்டாதீர்கள். பென் டிரைவில் பதிவு செய்யும் பெட்டி சரியாக 4 ஜிபியில் நின்றுவிட்டால், அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரே கோப்பாக எழுத அந்த முறையில் இடமே இல்லை.

மின்வெட்டு விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். 2022இல் கரண்ட் போன காலத்தில் கணினிக்கு யூபிஎஸ் வாங்கினேன். டியூனரின் 12 வோல்ட் அடாப்டரைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். கரண்ட் போய், கட்டிடத்து ஜெனரேட்டர் எடுக்கும் இருபது நொடிக்குள் டியூனர் செத்துப் பிழைக்கும். கணினிக்கோ அது தெரியாது, இல்லாத டியூனரிடமிருந்து விடியும்வரை ஒன்றுமில்லாததைப் பதிவு செய்தபடி இருக்கும். அடாப்டரையும் யூபிஎஸ்ஸில் பூட்டுங்கள்.

நிகழ்ச்சியின் தலையும் வாலும் வெட்டுப்படுவது பிழையே அல்ல. முன்னுக்கு ஐந்து, பின்னுக்குப் பத்து நிமிடம் கூட்டிப் போடுங்கள். நல்லவேளை, 2006 ஏப்ரலிலிருந்து நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். அதற்கு முந்திய பத்து வருடம் விசிஆரில் டைமர் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரை மணிக் கணக்கில் எத்தனை சண்டை நடந்தது என்று சொல்வார்கள்.

சரி, இப்போது டியூனர்

வாங்கும் முன் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டிய சனல்கள் பூட்டப்பட்டவையா? கட்டணச் சேவையின் சனல்களை வெறும் டியூனர் எடுக்கும், திறக்காது. அவற்றுக்கு அந்தச் சேவையின் பெட்டியிலேயே யூஎஸ்பி பதிவு வசதி இருந்தால் அதுதான் வழி. அந்தப் பதிவும் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும், கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காது. இதைத் தெரியாமல் டியூனர் வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள் வெள்ளவத்தையிலேயே சிலர் இருக்கிறார்கள்.

பூட்டில்லாத சனல்கள்தான் என்றால், டிவிபி-எஸ்2 என்று எழுதியிருக்க வேண்டும். டிவிபி-எஸ் மட்டும் எடுக்கும் பழைய சாதனத்தை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பெட்டியில் டி2 என்று மட்டும் இருந்தால் அது தரைவழி அன்டெனாவுக்கு, டிஷ்ஷுக்கு அல்ல.

எத்தனை டியூனர் வேண்டும் என்பதில்தான் காசு வீணாகிறது. ஒரே டிரான்ஸ்பொண்டரில் வரும் பத்துச் சனலையும் ஒரே டியூனர் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். ஆகவே சனல்களை எண்ணாதீர்கள், டிரான்ஸ்பொண்டர்களை எண்ணுங்கள். அம்மா பார்க்கும் நாலு சனல் ஒன்றில், என் கிரிக்கெட் இன்னொன்றில். இரண்டு டியூனர் போதும். ஆனால் இரண்டு டியூனர் என்றால் எல்என்பியிலும் இரண்டு வாய் வேண்டும், கேபிளும் இரண்டு வேண்டும். ஒரே கேபிளைப் பிரிப்பானால் பிரித்தால், இரண்டு டியூனரும் ஒரே பக்கத்தை, அதாவது இரண்டும் செங்குத்து அல்லது இரண்டும் கிடைமட்டம் என்று, சேர்ந்தே பார்க்க வேண்டியிருக்கும். கணவன் மனைவிக்கு ஒரு ரிமோட் மாதிரி.

யூஎஸ்பி டியூனர் மடிக்கணினிக்கும் தொடங்குகிறவருக்கும் சரி. சொந்த அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள். எல்என்பிக்கு மின்சாரம் கொடுக்க யூஎஸ்பியை மட்டும் நம்பும் சாதனம் கொடுக்கும்போதே திணறும். மேசைக் கணினி நாள் முழுக்க ஓடுகிறது என்றால் உள்ளே பூட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை என் தேர்வு. கழன்று விழ வயர் இல்லை, தூங்கிப் போக யூஎஸ்பி இல்லை, இரண்டு அல்லது நான்கு டியூனர் ஒரே அட்டையில் கிடைக்கும். டிபிஎஸ், டிஜிட்டல் டிவைசஸ் போன்றவை இந்த வகையில் பெயர் எடுத்தவை. லினக்ஸ்காரர்கள் கவனிக்க: ட்ரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது தயாரிப்பாளரிடமிருந்து தனியாக எடுத்துக் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். தனியாக என்றால், ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்புக்குப் பிறகும் அதை மறுபடி கட்ட நேரும். ஒரு காலை அம்மா தேநீரோடு காத்திருக்க நான் ட்ரைவர் கட்டிக்கொண்டிருந்தேன்.

சாட்-ஐபி என்னும் வலையமைப்பு டியூனர் அழகான யோசனை. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து லான் கேபிளால் வீட்டுக்குள் கொண்டுவரலாம். நம் ஊர் மொட்டைமாடிச் சூட்டில் தகரப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள், மாடிப்படி நிழலில் வையுங்கள். வைஃபையிலும் விடாதீர்கள், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அதே கட்டம்தான். கணினியே வேண்டாம் என்பவருக்கு எனிக்மா2 மென்பொருளில் ஓடும் பெட்டிகள் இருக்கின்றன. தானே பதிவு செய்யும், மின்சாரமும் குறைவாகத் தின்னும், கோப்பைப் பிறகு கணினிக்கு எடுக்கவும் விடும். என் அக்காவுக்கு அதைத்தான் சிபாரிசு செய்தேன். அவருக்கு லினக்ஸோடு சண்டை பிடிக்கப் பொறுமை இல்லை.

கெட்ட பதிவைத் திருத்த முடியுமா என்று கேட்பார்கள். தொலைந்த படம் தொலைந்ததுதான். ஆனால் கட்டம் வந்த இடத்துக்குப் பிறகு சத்தமும் வாயும் பொருந்தாமல் போவதையாவது சரிசெய்யலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், மறுபடி சுருக்காமல் அப்படியே பிரதி எடுத்து வேறு கோப்பாக எழுதச் சொன்னால் பாதி நோயாளிகள் எழுந்து உட்காருவார்கள். மூலக் கோப்பை அதுவரை அழிக்காதீர்கள்.

கடைசியாக, இடி. ஐப்பசிப் பின்னேரங்களில் வானம் கறுத்தால் டிஷ் கேபிளைக் கழற்றி வையுங்கள். சுவர்ச் சுவிட்சை நிறுத்துவது போதாது, மின்னல் கேபிள் வழியாகவும் வரும். நான் வேலையில் இருப்பதால் இந்தப் பொறுப்பு அம்மாவிடம். கேபிள் முனையில் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். போன கார்த்திகைத் தாள் ஒன்றில், "அரை றாத்தல் மல்லி" என்பதற்குக் கீழே, "புதன்: இடி. நானே கழட்டினன். கச்சேரி இல்லை" என்று இருக்கிறது.